ஏழாம் மாடி இறங்கி வந்த கதை

“இந்தக் கட்டடத்தோட ஏழாவது மாடி இருக்கே, அது தெனமும் மத்தியானம் மூணு மணிக்குக் கெளம்பி, எறங்கி வந்து, மூணாவது மாடியில உக்காந்துக்குது. அஞ்சு மணி வாக்குல எந்திரிச்சு மேல போயிடுது. நான் அதுலதான் குடியிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

சொன்னவர் ஏழாம் மாடிக்காரர். சொன்ன இடம், தரைத்தளத்தில் லிஃப்டை ஒட்டிப் போட்டிருந்த இஸ்திரி மேசை. சொன்ன நேரம் காலை ஒன்பதரை. எதையோ குடித்துவிட்டு உளறுகிறார் என்று தள்ளிவிடவும் முடியாத நேரம்.

அந்தக் கட்டடத்தில் அவருக்கு ஆயிரம் வாட்ஸ் என்று பேர். நாற்பது வருஷம் எண் பலகைகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் நிலையம், விளையாட்டு மைதானம், ஆஸ்பத்திரி டோக்கன் என்று எங்கெல்லாம் எண்கள் மினுக்கினவோ அங்கெல்லாம் ஏணி போட்டு ஏறியவர். ஏறின ஏணிகளைக் காட்டிலும் அளந்துவிட்ட கதைகள் உயரம். ஒருமுறை ஆட்டத்துக்கு நடுவில் ஸ்கோர் பலகை அணைந்துவிட, நாற்பதாயிரம் பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க, ஓர் ஊக்கையும் சாக்லெட் சுற்றின பளபளப்புத் தாளையும் வைத்தே எரிய விட்டாராம். ஜெயித்த அணி கோப்பையை நேராக அவர் கையில் கொண்டுவந்து கொடுத்ததாம். “கனமா இருந்துச்சு, நீங்களே வெச்சுக்குங்கப்பான்னு திருப்பிக் குடுத்துட்டேன்.”

இஸ்திரியம்மா தலையைத் தூக்கவில்லை. சட்டைக் காலரின் உட்பக்கத்தைத் தேய்த்து, திருப்பிப் போட்டாள். காலரில் எப்போதும் உட்பக்கம்தான் முதலில். வெளுப்பு வெளியே, அழுக்கு உள்ளே என்பது அவள் இருபது வருஷமாகக் கண்ட உண்மை. மனுஷர்களையும் அப்படியேதான் திருப்பிப் பார்ப்பாள். கடிகாரம் நாலு அடித்தால், ஐந்தாவது அடியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தேடுகிற ரகம்.

“மாடி எறங்கும்போது உள்ள இருக்கறவங்க பொத்துன்னு விழ மாட்டீங்களா சார்?”

“பதமா எறங்கும்மா. டம்ளர்ல தண்ணிகூட அலம்பாது.”

“சார், எங்க வீட்டுக்காரருக்கு சாட்சி சொல்லத்தான் வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நேராச் சொல்லிட்டுப் போங்க. அதுக்கு எதுக்கு மாடிய எறக்குறீங்க?”

மேசைக்கு அந்தப் பக்கம், மூட்டை கட்டிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார். முடிச்சு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. மேசைக்கு அடியில் ஒரு நீலப் பை. அதற்குள் அவருடைய உடுப்புகள். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவு போட்டவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்ததால் அவர் எதிர்வாதம் செய்யவில்லை.

மூன்றாம் மாடியில் இருப்பது அவருடைய சொந்த அண்ணன்.

அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் இஸ்திரி போட்டவர்கள்தான். மூன்று மாதத்துக்கு முந்தி அண்ணன் பிரிந்து போய், மூன்றாம் மாடியில் ஆளுயர மெஷின்களை இறக்கி, துணியைப் போட்டால் துவைத்து, உலர்த்தி, மடித்துத் தருகிற கடையைத் திறந்தார். திறந்த அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டார். “அந்த மேசைய வித்துட்டு என்கூட வந்துடுடா. அவளும் வேணும்னா வரட்டும், பொத்தான் தைக்க ஆள் வேணும்.” பொத்தான் தைக்க! அந்தச் சொல் இஸ்திரியம்மாவின் காதில் விழுந்த நாளிலிருந்து அவள் மூத்தவரோடு பேசுவதில்லை. புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “மூணாவது மாடி வாசல மிதிச்சீங்கன்னா இந்த வாசல் உங்களுக்கு இல்ல.”

அதோடு நிற்கவில்லை. மேசை அதுவரை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு தூண் மறைக்கும்; லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாது. தன் வாடிக்கைக்காரர்கள் யார் யார் மூன்றாம் மாடிக்கு மூட்டை தூக்குகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? மேசையைத் தள்ளிக்கொண்டுவந்து லிஃப்ட் கதவின் வலப்பக்கச் சுவரோடு சேர்த்துப் போட்டாள். சரியாக அவள் தலைக்கு மேலேதான் நம்பர் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டடம் கட்டினபோது வைத்தது. இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடிச் சன்னல், உள்ளே ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் சைபர் முதல் ஒன்பதுவரை பத்து எண்களும் மெல்லிய கம்பியில் வளைக்கப்பட்டு, ஒன்றன் முதுகில் ஒன்றாக நிற்கும். லிஃப்ட் எந்த மாடியோ அந்த எண் மட்டும் செக்கச்செவேலென்று கனிந்து எரியும். புது விளக்குகள்போல் பாதி எரிந்து பாதி அணைந்து ஏமாற்றுகிற புத்தி அதற்குக் கிடையாது. எரிந்தால் முழு எண், இல்லையென்றால் இருட்டு. உலகத்தில் இஸ்திரியம்மா நம்பின ஒரே ஜீவன் அந்த நம்பர் பல்புதான்.

லிஃப்ட் வேகம் தனிக் கதை. தரைத்தளத்தில் மழமழ முகத்தோடு ஏறினவன் ஒன்பதாம் மாடியில் இறங்கும்போது சவரம் செய்துகொள்ள வேண்டும். அது கடகடவென்று ஓடும்போது அவள் நிமிர மாட்டாள். சூடான பெட்டியைத் துணியில் விட்டுவிட்டு வாய் பார்க்க முடியாது. சத்தம் நின்றதும் நிமிர்வாள். நின்ற எண்ணை, நேரத்தோடு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள்.

வீட்டுக்காரர் தினமும் நாலு மணிக்கு ஆயிரம் வாட்ஸின் ஒரே ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறுவார். ஏழாம் மாடிக்காரருக்கு இருப்பது இரண்டு சட்டை. ஒன்று உடம்பில், ஒன்று இஸ்திரியில். கொடுத்துவிட்டு, கதை கேட்டுவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். “ஏழாவது மாடிக்குப் போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். லிஃப்ட் கடகடவென்று ஓடி நிற்கும். அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

மூன்று.

முதல் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்று. மறுநாள் மூன்று. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். ஒன்று மட்டும் இடித்தது. மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் போய் நிற்க ஒரு மேசைவிரிப்பின் ஒரு ஓரத்தைத் தேய்க்கிற நேரம் ஆகும். வீட்டுக்காரர் போனால் மட்டும் இரண்டு ஓரம் தேய்த்து முடித்த பிறகும் கொஞ்சம் ஓடுகிறது. ‘என்ன ஏமாத்த மேல போய்ட்டு, திரும்ப எறங்கி மூணுக்கு வராங்க போல’ என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். சந்தேகப்படுகிறவர்களுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்!

போன வாரம் ஒருநாள், வீட்டுக்காரர் ஏறிப் போனதும், பொறுக்க முடியாமல் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, மூன்று மாடியும் படியேறி, மூச்சு வாங்க அந்தக் கடை வாசலில் போய் நின்றாள். மூத்தவர் மட்டும் இருந்தார். “என்னம்மா?” என்றார். அவள் கண் கடைக்குள் ஓடியது. மேசைமேல் இரண்டு டீ டம்ளர். அவருக்கு ஒன்று, மெஷின் ரிப்பேருக்கு வந்த ஆளுக்கு ஒன்று; அந்த ஆள் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. இஸ்திரியம்மா பார்த்தது டம்ளரை மட்டும்தான்; இரண்டாவது டம்ளர் புருஷனுக்கு என்று முடிவுகட்டினாள். இறங்கி வந்தாள். மறுநாளிலிருந்து வீட்டுக்காரரின் மதியச் சாப்பாட்டில் ரொட்டிக்குள் இருந்த இரண்டு அவித்த முட்டை ஒன்றாகிப்போனது. நேற்று ரொட்டி மட்டும். இன்றைக்கு நீலப் பை.

பைக்குள் போட்ட உடுப்புகளைக்கூட அவள் கத்தி மடிப்பாகத் தேய்த்துத்தான் வைத்திருந்தாள். “தொரத்திவிடுற ஆளுக்கு எதுக்கு இவ்ளோ மடிப்பு?” என்று கேட்டார் அவர். “என் கைவேலைய நாலு பேர் பார்க்கணும்ல” என்றாள்.

“சரி சார்,” என்றாள் இப்போது ஆயிரம் வாட்ஸைப் பார்த்து. “எறக்கிக் காட்டுங்க. இப்பவே.”

“மூணு மணி ஆகணும்மா.”

“ஏன், ஒங்க மாடி மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டுத்தான் கெளம்புமா?”

வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி இதற்குச் சிரித்து, சிரிப்பு முடியுமுன் கொட்டாவி விட்டார். அவருக்குப் பேரே கொட்டாவிதான்.

ஆயிரம் வாட்ஸுக்கு ரோஷம் வந்தது. வீட்டுக்காரரை லிஃப்டில் ஏற்றி ஏழுக்கு அனுப்பினார். கடகடகட. நின்றது. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். செக்கச்செவேலென்று ஏழு.

“எங்க சார் எறங்குச்சு?”

“அதான் சொன்னேன்ல...”

“நாலு மணிக்கு மூணு, காலையில ஏழு. பல்பு சரியாத்தான் இருக்கு. சாயங்காலத்துல அவர்தான் சரியில்ல.”

ஆயிரம் வாட்ஸ் தன் மாடிக்குப் போய், வீட்டுக்காரரோடு சேர்ந்து ஓர் ஏணியையும், கையடக்க லென்ஸையும், தகரப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தார். கொட்டாவி லிஃப்டின் மெயினை அணைத்தார். நம்பர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் முப்பது வருஷத்துத் தூசி ஆயிரம் வாட்ஸின் மூக்கில் இறங்கியது. தும்மல் முடிந்து பார்த்தால், மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கரப்பான்கள் அரித்துத் தின்றிருந்தன. ஒரு மூலையில் ஒரே ஒரு சொல் மிச்சம்: ‘எச்சரிக்கை’.

“அதையாவது விட்டுச்சே,” என்றார்.

“கம்பெனிக்காரங்ககிட்ட கேக்கறது,” என்றார் கொட்டாவி.

“கம்பெனி மூடி, அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டி, அந்த மண்டபத்துல கல்யாணம் பண்ணுனவங்களுக்குப் பேரன் பொறந்தாச்சு.”

உள்ளே இருந்த கம்பிகள் அத்தனையும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே போகிறது என்று ஒரு குறிப்பு இல்லை, ஒரு எழுத்து இல்லை. மேலே மெஷின் அறையிலிருந்து நாலு கம்பி இறங்கி வந்து ஒரு தகட்டில் சேர்ந்தது. லென்ஸை வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தார். எல்லாம் நல்லபிள்ளைகளாக நின்றன.

“சார், இவ்ளோ நேரமா எதத்தான் தேடுறீங்க?”

“எது பொய் சொல்லுதுன்னு. ரிப்பேருன்னா என்னன்னு நெனச்ச? ஒன் வேலதான். ஒவ்வொருத்தனா சந்தேகப்படணும். ஆனா ஒருத்தன் மேல தப்பில்லன்னா விட்டுட்டு அடுத்தவன்கிட்டப் போயிடணும். நீ ஒரே ஆளப் புடிச்சு மூணு மாசமா தொங்கிட்டிருக்கே.”

“நான் தொங்கல. எங்கிட்ட நோட்டு இருக்கு.”

ஏணியில் நின்றவர் திரும்பினார். “என்ன நோட்டு?”

அவள் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து விசிறினாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு. பக்கம் பக்கமாக நேரமும் எண்ணும். காலை, மதியம், சாயங்காலம். யார் ஏறினாலும், எங்கே நின்றாலும். அவர் ஏணியிலிருந்து இறங்கி, அதன் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. அவர் பக்கங்களைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் ஒன்று போட்டுக்கொண்டார்.

“வரைபடம் இல்லேன்னு எவன் சொன்னான்? இதோ எழுதி வெச்சிருக்கியேம்மா!”

“என்ன?”

“மூணு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல பாரு. சைபர் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்கு. எட்டு, ஒம்பது இருக்கு. மூணு மாசத்துல ஒரு நாலு உண்டா? அஞ்சு உண்டா? ஆறு, ஏழு?”

அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். காலையில் நாலும் ஐந்தும் ஆறும் ஏழும் இருந்தன. மூன்று மணிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்த நாலு மாடியிலும் சாயங்காலத்தில் யாருமே போய் இறங்கவில்லையா? நாலாம் மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். சாயங்காலம்தான் அவருக்குக் கூட்டமே. அவள் நோட்டைப் பட்டென்று மூடினாள்.

“நேத்து நோட்ட இவர்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போனேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து அழிச்சிருப்பீங்க.”

“பேனாவுல எழுதினத எப்படிம்மா அழிக்கிறது? சரி, இதக் கேளு. காய்கறிக் கடையில படிக்கல்லு பார்த்திருக்கேல்ல? ஒரு கிலோ, ரெண்டு கிலோ, நாலு கிலோ, எட்டு கிலோ. இந்த நாலு கல்லு இருந்தா எந்த எடையையும் போடலாம். இங்க வர்ற நாலு கம்பியும் அப்படித்தான். ஏழு போடணும். எந்தெந்தக் கல்லு?”

“நாலு, ரெண்டு, ஒண்ணு,” என்றாள் யோசிக்காமல்.

“நாலு கிலோக் கல்ல எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப தட்டுல எவ்ளோ?”

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“சொல்லும்மா.”

“...மூணு.”

“ஆறு?”

“ரெண்டு.”

“நாலு?”

“நாலுக்கு அந்த ஒரே கல்லுதான். அதுவும் போச்சுன்னா... சைபர்.”

முக்காலி கவிழ்ந்தது. கொட்டாவி எழுந்து நின்றிருந்தார். “அப்ப நான் தூங்கலையா?”

“என்னய்யா?”

“மூணு மாசமா சாயங்காலம் சைபர்னு காட்டும். லிஃப்ட் வந்துடுச்சு, வாங்க வாங்கன்னு பல் டாக்டர்கிட்ட போறவங்களக் கூப்பிடுவேன். கதவு தொறக்காது. கன்னத்தப் புடிச்சுக்கிட்டு எல்லாரும் என்ன மொறைப்பாங்க. தூக்கக் கலக்கம்தான்னு நெனச்சு, நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊத்திக்கிட்டிருக்கேன்!”

இஸ்திரியம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் கதை கட்டுகிறவர், ஒருவர் தூங்குகிறவர், ஒருவர் புருஷன். மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்றால், பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

“நாலு மணிக்குப் பார்ப்போம்,” என்றாள். “என் கண்ணுக்கு முன்னால ஏழு மூணாகட்டும். ஆகலேன்னா ஆறு மணிக்குப் பை கெளம்பும்.”

நாலு மணிக்கு வீட்டுக்காரர் வழக்கம்போல அந்த ஒற்றைச் சட்டையோடு ஏறினார். “கூப்பிடறவரைக்கும் கதவுல கால வெச்சு நில்லுப்பா. லிஃப்ட் ஏழவிட்டு அசையக் கூடாது,” என்றார் ஆயிரம் வாட்ஸ். இஸ்திரியம்மா இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. பக்கத்து உணவகத்தின் மேசைவிரிப்புகள் ஐம்பது அறுபது, நனைந்த குவியலாகக் கிடந்தன. தினமும் மூன்றிலிருந்து ஐந்துவரை அவைதான் வேலை. அவற்றை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஆவி கக்கும் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளையும் அணைத்து, கையைக் கட்டிக்கொண்டு, நம்பர் பல்புக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண் சிமிட்டக்கூட முறை வைத்துச் சிமிட்டினாள்.

நாலு ஐந்து. ஏழு எரிந்தது. நாலு பத்து. ஏழு. நாலேகால். ஏழு. ஆயிரம் வாட்ஸ் மூன்று முறை தொண்டையைச் செருமினார். லிஃப்டுக்குக் காத்திருந்த பல் வலிக்காரர்கள் திட்டிக்கொண்டே படியேறினார்கள். நாலரை. ஏழு, ஏழு, ஏழு.

“போதும் சார்.”

“இரும்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்...”

“நீங்க நல்லவரு. சிநேகிதனுக்காக ஒரு மாடியையே எறக்கப் பார்த்தீங்க. எனக்கு வேலை கெடக்கு.”

அவர் ஏணியை எடுக்கப் போனார். அந்நேரம் பார்த்து உணவகத்து ஆள் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். “என்னக்கா, விரிப்பு ரெடியா? ஆறு மணிக்கு மேச போடணும். மொதலாளி குதிக்கிறாரு.”

“அஞ்சரைக்கு வா. தரேன்.”

இரண்டு பெட்டிகளையும் போட்டாள். கோபம் கைக்கு வந்தது. முதல் விரிப்பை அறைந்து விரித்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. இரண்டாவது, மூன்றாவது. மேசைக்கு மேலே வெள்ளைப் புகைபோல எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு மேலே போனது. ஐந்தாவது விரிப்பின் ஓரத்தைத் தேய்க்கும்போது, மேலே எங்கிருந்தோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

“ஏய்! இன்னும் எவ்ளோ நேரம் நிக்கணும்? காலு மரத்துப் போச்சு!”

பழக்கதோஷத்தில் நிமிர்ந்தாள்.

மூன்று.

லிஃப்ட் அசையவில்லை. கடகட சத்தம் இல்லை. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. மூன்று, செக்கச்செவேலென்று, நடுவில் கனிந்து எரிந்தது.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள். படிகள் சுற்றிச் சுற்றி ஏறும் நடுவெளியில் கழுத்தை மடித்து மேலே பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கைப்பிடிகளை எண்ணினாள். மூன்றாவதில் யாரும் இல்லை. எண்ணிக்கொண்டே போனாள். ஏழாவதில், ஒரு காலை லிஃப்ட் கதவில் ஊன்றி உடம்பை மட்டும் கைப்பிடிக்கு வெளியே சாய்த்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முகம். கையில் ஒரு சட்டை ஆடியது.

“அங்கேயே இருங்க!” என்று கத்தினாள்.

“இருக்கேன், இருக்கேன்! ஆறு மணி ஆகலையே இன்னும்!”

திரும்ப ஓடி வந்தாள். மூன்று. பெட்டிகளை அணைத்தாள். ஒரு தலையணை உறையை எடுத்துச் சுவரைப் பார்த்து விசிறினாள். ஆயிரம் வாட்ஸ் ஏதோ சொல்ல வந்தார். “சும்மா இருங்க” என்றாள். விசிறினாள். மூன்று மினுக்கியது; அணைந்தது; ஏழு எரிந்தது. பெட்டியைப் போட்டு, ஈர விரிப்பை மடித்து வைத்து அழுத்தி, ஆவியை மேலே அனுப்பினாள். காத்திருந்தாள். மூன்று. விசிறினாள். ஏழு. இன்னொரு முறை. மூன்று. அவள் புத்திக்கு இரண்டு தடவை பார்த்தது பத்தாது. மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, நம்பர் பெட்டியின் அடிப்பக்கத்தில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகளையும், அதற்கு நேர் கீழே தன் மேசையையும் பார்த்தாள். மாடிப்படிக்கு அடியில் பத்தொன்பது வருஷம் இருந்த மேசை. தள்ளிக்கொண்டு வந்தது அவள்தான். ஒற்றை ஆளாகத் தள்ளினாள். வீட்டுக்காரர் கைகொடுக்க வந்தபோது “வேணாம்” என்று சொல்லி.

“சார்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “மேசைய இங்க போட்டு எவ்ளோ நாளாச்சு?”

“நீ எழுதியிருப்பியேம்மா.”

நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

நம்பர் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றார் ஆயிரம் வாட்ஸ். “கை பட்டுதுன்னா லிஃப்ட் வேணாம், நேரா ஒம்பதாவது மாடிக்குப் போயிடலாம்.” அவர் பிடித்த பென்சில் காற்றில் கோலம் போட்டது, கை அவ்வளவு நடுக்கம். இஸ்திரியம்மா அவரை இறங்கச் சொன்னாள். மரத்தாலான துணிக்கவ்வி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே கொட்டாவி, வாழ்க்கையில் முதல்முறையாக முழித்த கண்ணோடு, ஆவிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். எண் மூன்றானது. அவள் கவ்வியின் நுனியால் முதல் சாம்பல் கம்பியின் அடியை அழுத்தினாள். மூன்று. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். மூன்று. அதையும் விட்டாள். மூன்றாவதை அழுத்தினாள்.

ஏழு.

எடுத்தாள், மூன்று. அழுத்தினாள்; ஏழு.

“இவன்தான்,” என்றாள்.

மெயினை அணைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்தபோது தெரிந்தது: கம்பி தகட்டில் சேருமிடத்தில் அதை ஒட்டவைத்த ஈயப்பொட்டைச் சுற்றி, முடியில் பாதி கனத்துக்கு ஒரு வட்ட விரிசல். குளிர்ந்திருந்தால் ஒட்டிக்கொண்டு யோக்கியமாக இருக்கும். சூடு பட்டால் விலகிக்கொள்ளும்.

“ஈயம் வைக்கணும். ஆனா என் கை இருக்கற இருப்புக்கு...” என்றார் ஆயிரம் வாட்ஸ், தகரப் பெட்டியிலிருந்து ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டே.

“குடுங்க. இதுவும் இஸ்திரிதானே. தலை மட்டும் சின்னது.”

சூடேறிவிட்டதா என்று, வழக்கம்போல, ஈரத் துணியில் தொட்டுப் பார்த்தாள், சொய்ங் என்றது. காலர் நுனியைத் தேய்க்கிற அதே நிதானத்தோடு வைத்து, ஈயம் உருகிப் பளபளத்ததும் எடுத்தாள். ஆயிரம் வாட்ஸ் லென்ஸை வைத்துப் பார்த்தார். “நாப்பது வருஷத்துல இப்படி ஒரு பொட்டு நான் வெச்சதில்ல” என்றார். அவர் சொன்னதிலேயே அதுதான் சின்னக் கதை; ஆகையால் உண்மையாகவும் இருக்கலாம்.

மெயினைப் போட்டு, இரண்டு பெட்டியிலும் ஆவி கக்கவிட்டு, மிச்ச விரிப்புகளைத் தேய்த்து உணவகத்து ஆளிடம் கொடுத்து முடிக்கிறவரை பார்த்தார்கள். ஏழு அசையவில்லை.

“எறங்கி வாங்க!” என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

ஏழு, ஆறு, ஐந்து, நாலு, மூன்று. மூன்றில் லிஃப்ட் நின்றது. அவளுக்குத் திக்கென்றது. பிறகு திரும்பவும் கடகட. சைபர். கதவு திறந்தது. உள்ளே வீட்டுக்காரர், காலை உதறிக்கொண்டு. அவர் பக்கத்தில், நடுவில் ஏறிக்கொண்ட மூத்தவர். மணி ஆறு.

மூத்தவரின் பார்வை நேராக மேசைக்கு அடியில் இருந்த நீலப் பைக்குப் போனது. “தம்பி பையோட வரான்னு கட்டடமே பேசுச்சு. எடம் ஒழிச்சு வெச்சிருக்கேன்.” பிறகு ஆயிரம் வாட்ஸின் பக்கம் திரும்பிச் சிரித்தார். “ஏழாவது மாடி எறங்கி மூணாவது மாடியில உக்காந்துச்சாமே! என் கடைக்குள்ள யாரும் வந்து விழலையே சார்? ஏம்பா, இந்த மனுஷன் சொல்றத யாராவது நம்புனீங்களா?”

கொட்டாவி இஸ்திரியம்மாவைப் பார்த்தார். ஆயிரம் வாட்ஸ் தன் ஒற்றைச் சட்டையை வாங்கி மடிப்பு கலையாமல் தோளில் போட்டுக்கொண்டு, அவரும் அவளைப் பார்த்தார். வீட்டுக்காரர் மட்டும் பையைப் பார்த்தார்.

அவள் குனிந்து பையை இழுத்தாள். மேசைமேல் வைத்து, உள்ளிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினாள். அடியில் கிடந்த ஒரு சட்டை மட்டும் கசங்கியிருந்தது. அதை விரித்து, காலரைத் திருப்பி, உட்பக்கத்தில் பெட்டியை வைத்தாள்.

“நாளைக்கு இந்த மேசையப் பழைய எடத்துக்குத் தள்ளணும்,” என்றாள் புருஷனிடம். “ஒரு கை குடுங்க.”

பிறகு, மூன்று மாதமாகப் பேசாத மூத்தவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“அவரு சொன்னது நெசந்தான். ஏழாவது மாடி எறங்கி வந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். எறக்குனதே நான்தான்.”